கொண்டோவில் கிராணி கிடையாது

லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது என்பதில் நம் பெற்றோருக்குக் குழப்பமே இருந்ததில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொன்னார்கள், கிராணி மேலாளரான துரையிடம் சொன்னார். ஓட்டை அடைபட்டதா என்பது வேறு கதை. வீடு தோட்டத்துடையது, பொறுப்பும் தோட்டத்துடையது. வேலை போன அன்று வீடும் போனது.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கொண்டோ பார்க்கிறார்கள். சிரம்பான் வட்டாரத்து மம்பாவில் தரைவீடுகள்தான் அதிகம் கண்ணில் படும். அடுக்குமாடி தேடுகிறவர்கள் ராசா, ரஹாங், சிரம்பான் 2 என்று சுற்றுகிறார்கள். காவலர், நீச்சல் குளம், மின்தூக்கி, பக்கத்தில் எல்லா இனத்தவரும். விலையும் தரைவீட்டைவிடக் கைக்கு எட்டுகிற மாதிரி தெரிகிறது. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கொண்டோ வாங்கினால் நிலம் என் பேருக்கு வருமா? வராது. உங்கள் சுவர்களுக்குள் இருக்கும் பகுதி மட்டுமே உங்கள் தனி உடைமை. மின்தூக்கி, படிக்கட்டு, நடைபாதை, மொட்டைமாடி, குளம், காவலர் அறை எல்லாம் பொதுச்சொத்து. அதில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. இப்படி ஒரே நிலத்தின்மேல் அடுக்கடுக்காகத் தனித்தனி உடைமை இருப்பதைத்தான் ஸ்ட்ராத்தா என்கிறார்கள். கார் நிறுத்தும் இடம் உங்கள் பட்டாவோடு சேர்ந்ததா, நிர்வாகம் பயன்படுத்தக் கொடுத்ததா என்பதையும் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பிந்தையது நாளைக்கு மாறலாம்.

அந்தப் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு அலகு (பொதுச்சொத்தில் உங்கள் பாகத்தைக் காட்டும் எண்) ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும், கூட்டத்தில் வாக்குச்சீட்டு முறையில் எண்ணும்போது உங்கள் ஓட்டின் எடையும் இந்த எண்ணைப் பொறுத்தவை. விற்பனை முகவர் நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசுவார். நீங்கள் பங்கு அலகைப் பற்றிக் கேளுங்கள்.

சரி, கையில் எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 3,00,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கிகள் வழக்கமாக 90 விழுக்காடு வரை கடன் தருகின்றன. மீதி 30,000 ரிங்கிட் உங்கள் முன்பணம்.

அதோடு நின்றுவிடாது. பெயர் மாற்றும் பத்திரத்துக்கு முத்திரை வரி உண்டு: முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 2 விழுக்காடு. நம் கணக்கில் 5,000 ரிங்கிட். கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,350. வழக்கறிஞர் கட்டணம் ஐந்து லட்சம் வரை 1.25 விழுக்காடு, வாங்கும் ஒப்பந்தத்துக்கு 3,750, கடன் ஒப்பந்தத்துக்கு 3,375. இதன்மேல் சேவை வரி. ஆக, முன்பணம் 30,000 என்று நினைத்துக்கொண்டு போகிறவர் 43,000-க்கு மேல் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு ஒன்றை அரசாங்கம் காலக்கெடுவோடு அறிவித்து நீட்டித்து வருகிறது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இருந்தால் 6,350 ரிங்கிட் மிச்சம்.

ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாமா? எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்கு எடுப்பது அவற்றில் ஒன்றான செஜாத்தரா கணக்கிலிருந்து. எடுக்கக்கூடியது விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம், அதோடு விலையில் 10 விழுக்காடு. நம் கணக்கில் 60,000 வரை. செஜாத்தராவில் அதைவிடக் குறைவாக இருந்தால் இருப்பது மட்டும். ஒரு சிக்கல்: வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதனால் முன்பணத்தை முதலில் கைக்காசாகப் புரட்டியாக வேண்டும், சேமநிதிப் பணம் பிறகு வந்து அதை ஈடுகட்டும். நகையை அடகு வைக்கிறவர்கள் இந்த இடைவெளிக்காகத்தான் வைக்கிறார்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்? உணவுக்கடை நடத்துகிறீர்கள், லாரி ஓட்டுகிறீர்கள், பொருள் விநியோகம் செய்கிறீர்கள் என்றால் வங்கி தயங்கும். அரசாங்கத்தின் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் (எஸ்ஜேகேபி) இப்படிப்பட்டவர்களுக்காகவே வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கியில் நேராகக் கேட்கலாம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மாதத் தவணை எவ்வளவு வரும்? 2,70,000 கடன், ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 1,195 ரிங்கிட். 35 ஆண்டில் மொத்தம் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் கட்டியிருப்பீர்கள். 35 ஆண்டு என்பது உச்ச வரம்பு. பெரும்பாலான வங்கிகள் 70 வயதோடு கடனை முடித்துக்கொள்ளும். 45 வயதில் வாங்குகிறவருக்கு 25 ஆண்டுதான். அதே கடனுக்குத் தவணை ஏறத்தாழ 1,425.

பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். கொண்டோவின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பங்கு அலகுப்படி வரும் பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக்கு 30 சென் என்று வைத்துக்கொள்வோம். 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 270 ரிங்கிட். இதோடு 10 விழுக்காடு, அதாவது 27 ரிங்கிட், சேம ஒதுக்கு நிதிக்குப் போகும் (மின்தூக்கியை மாற்றுவது, கட்டடத்துக்குச் சாயம் அடிப்பது போன்ற பெருஞ்செலவுக்காகச் சேர்த்து வைக்கும் பணம்). ஆக மாதம் 297. கடன் அடைந்தாலும் இது நிற்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் நிற்காது. வீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும் நிற்காது. மாநகர் மன்றத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி வேறு.

குளத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்? தரைத்தளத்தில் இருக்கிறேன், மின்தூக்கி எனக்கெதற்கு? ஒவ்வொரு கொண்டோவிலும் எழும் கேள்வி இது. பதில் ஒன்றுதான்: பயன்பாட்டுக்கு அல்ல, உடைமைக்குக் கட்டுகிறீர்கள். குளம் வேண்டாதவர் குளம் இல்லாத சாதாரண அடுக்குமாடியைப் பார்ப்பது நல்லது. வசதிகள் குறையும், கட்டணமும் குறையும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

கட்டாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்? நிறையச் செய்யலாம். 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் வரும். அதற்கும் கட்டவில்லை என்றால் உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் பாக்கியையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யலாம், ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். கட்டட ஆணையர் என்ற அதிகாரியின் ஆணை பெற்று வீட்டிலிருக்கும் பொருள்களை ஜப்தி செய்யலாம். வழக்கு என்று போனால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்றுகூடச் சட்டம் சொல்கிறது. வீட்டுக் கடனைவிட இந்த 297 ரிங்கிட்டைத்தான் மக்கள் எளிதாக நினைக்கிறார்கள்.

புதிய வீடா, ஏற்கெனவே ஒருவர் இருந்த வீடா, எது நல்லது? இரண்டிலும் கண்ணி உண்டு.

புதிய திட்டம் என்றால், மேம்பாட்டு நிறுவனத்துக்கு வீடமைப்பு அமைச்சின் உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்கின்றனவா என்று அமைச்சின் தெடு (TEDUH) இணையத்தளத்தில் பாருங்கள். காலதாமதமான திட்டங்களும் கைவிடப்பட்டவையும் அங்கே தெரியும். ஒப்பந்தம் ‘ஜதுவல் எச்’ என்ற சட்டப் படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, பிறகு கட்டுமானம் ஏற ஏறப் பாகம் பாகமாகப் பணம். முன்பதிவுக் கட்டணம் என்று கேட்டு வாங்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. கட்டி முடியும்வரை வங்கி விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டுவீர்கள். வீட்டு வாடகையையும் அந்த வட்டியையும் ஒரே நேரத்தில் சுமக்கப்போகும் காலம் அது. திட்டமிட்டு வையுங்கள்.

வீடு தாமதமானால்? அடுக்குமாடிக்கு 36 மாதம் கெடு. தாண்டினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்வாரியாக இழப்பீடு. நம் 3,00,000 வீட்டுக்கு நாளைக்கு 82 ரிங்கிட் சொச்சம். சட்டத்தை மீறி முன்பதிவுப் பணம் வாங்கியிருந்தால், பணம் கொடுத்த அந்த நாளிலிருந்தே 36 மாதத்தை எண்ண வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பழைய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சாவி வாங்கிய பிறகு 24 மாதம் வரை விரிசல், ஒழுகல் போன்ற குறைகளை நிறுவனமே சரிசெய்ய வேண்டும். புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். செய்யவில்லை என்றால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம்.

பழைய வீட்டில் ஒரு வசதி: எதை வாங்குகிறீர்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, நல்ல மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டைவிட மின்தூக்கியைப் பாருங்கள், குப்பை அறையைப் பாருங்கள், தண்ணீர் தொட்டிக்குப் போகும் குழாய்களைப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் பாக்கிக்காரர்கள் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது என்றால் அந்தக் கட்டடத்தின் உடல்நிலை உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மின்தூக்கி பழுதானால் மாற்றப் பணம் இருக்காது.

விற்பவர் வைத்த பாக்கி என் தலையில் விழுமா? விழலாம். வாங்குமுன் ‘பாக்கி இல்லை’ என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வாங்கித்தரச் சொல்லுங்கள். கடந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் கேளுங்கள். சேம ஒதுக்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். இருபது வயதான கட்டடத்தில் அந்த நிதி காலியாக இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள்.

தனி ஸ்ட்ராத்தா பட்டா வந்துவிட்டதா என்பதும் முக்கியம். வராவிட்டால் முழு நிலத்துக்குமான மூலப்பட்டா இன்னும் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் விற்கும்போது அவர்களையும் நாட வேண்டியிருக்கும். குத்தகை நிலமா (பெரும்பாலும் 99 ஆண்டு), நிரந்தர உரிமையா என்பதையும் கேளுங்கள். குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதே கேள்வி. பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதியும் வேண்டும். சில வீடுகள் பூமிபுத்ரா ஒதுக்கீட்டில் இருக்கும். அவற்றை அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்காமல் நாம் வாங்க முடியாது. முகவர் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று கழுத்து அட்டையில் இருக்கும் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம்.

இனி, அக்கம்பக்கம். இதைப் பற்றி வீடு வாங்கும்போது யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, மனதுக்குள் எல்லாரும் யோசிக்கிறார்கள்.

எதிர்வீடு மலாய்க் குடும்பம், பக்கத்து வீடு சீனப் பெரியவர், மேலே நேப்பாளத் தொழிலாளர்கள் ஆறு பேர் வாடகைக்கு. நம் விளக்கு, நம் கோலம், நம் சாம்பிராணி என்ன ஆகும்? வீட்டுக்குள் உங்கள் வழிபாட்டை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வாசலுக்கு வெளியே ஓர் அடி வைத்தால் அது பொது நடைபாதை. லயத்தில் வாசல் நம்முடையதாக இருந்தது. திண்ணை, துளசி, செருப்பு, சைக்கிள் எல்லாம் அங்கேதான். கொண்டோவில் செருப்பு அலமாரிகூட விதிப்படி மீறல்தான், தீயணைப்பு வழியை அடைக்கிறது என்பதால். பல இடங்களில் நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்டுவிடும். தீபாவளிக்கு வாசலில் அரிசிக் கோலம் போட்டதற்குச் சண்டை பிடித்த கொண்டோவை நான் பார்த்ததில்லை. ஆனால் சீனர் வாசலில் காகிதம் எரிப்பதைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டு, நம் வாசலில் கற்பூரம் ஏற்றினால் அந்தப் புகாரின் நகல் நமக்கும் வரும்.

நாய் வளர்க்கலாமா? சட்டத்தோடு வரும் பொதுவான துணைவிதி, அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்கிறது. தனிக் கட்டடங்கள் இதற்கு மேலும் விதி போடலாம். முஸ்லிம் அண்டை வீட்டாரோடு ஒரே மின்தூக்கியில் நாயோடு போவது நாள்தோறும் வரும் சங்கடம். நாய் இல்லாமல் இருக்க முடியாதவர் என்றால் தரைவீடு பாருங்கள். மம்பாவில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

மேல்வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகினால்? அண்டை வீட்டாரோடு வரும் சண்டைகளில் பெரியது இதுதான், இனம் பார்த்து வருவதில்லை. உங்கள் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை. அதில் ஒழுகினால் குறை மேல்வீட்டில்தான் இருக்கிறது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. நீங்கள் மாடியேறிப் போய்ச் சத்தம் போட வேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏழு நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த ஐந்து நாளுக்குள் எதனால் ஒழுகுகிறது என்று சான்றிதழ் தர வேண்டும். மேல்வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் ஏழு நாளுக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம், அல்லது ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 2,50,000 ரிங்கிட் வரை கோரலாம். இந்த ஏழு, ஐந்து, ஏழு என்ற கணக்கை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

கட்டட ஆணையர் யார்? கொண்டோ நிர்வாகங்களைக் கண்காணிக்கும் அதிகாரி. நம் வட்டாரத்தில் சிரம்பான் மாநகர் மன்றத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. இந்த மன்றமே 2020 ஜனவரி முதல் தேதி சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இரண்டும் சேர்ந்து உருவானது.

பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுப் போகலாமா? போகலாம், அவசரப்படாதீர்கள். வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு வரி இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கவும் வழி உண்டு.

கடைசியாக, கிராணி விஷயம். கூரை ஒழுகினால், மின்தூக்கி நின்றால், காவலர் தூங்கினால் கொண்டோவில் யாரிடம் சொல்வது? வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்ததே நிர்வாக அமைப்பு. ஆண்டுக் கூட்டத்தில் நீங்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பீர்கள், பராமரிப்புக் கட்டணத்தையும் அங்கேதான் முடிவு செய்வார்கள். கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை என்றாலும் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்தே நடத்திவிடலாம். இருநூறு வீட்டுக் கட்டடத்தில் இருபது பேர் உட்கார்ந்து உங்கள் மாதச் செலவை முடிவு செய்வது இப்படித்தான். நம்மவர்கள் மேளதாளத்தோடு கோயில் கூட்டம் நடத்துவார்கள், கொண்டோ கூட்டத்துக்கு மட்டும் ‘மலாயில் பேசுவார்கள், நமக்கெதற்கு’ என்று படுத்துவிடுவார்கள். போய் உட்காருங்கள். தெரிந்த மொழியில் கேளுங்கள். சீனப் பெரியவருக்கும் மலாய் அரைகுறைதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே பாக்கியைக் கட்டி முடித்திருக்க வேண்டும். ஒரு மாதக் கட்டணம் நிலுவையில் இருந்தாலும் அன்று உங்களுக்கு ஓட்டு இல்லை.